மாரிக்குள்ள கொண்டாட்டம்: சாறியா, லெகங்காவா, பஞ்சாபியா?

செப்டெம்பர் 13, மாலை. முள்ளியவளை வாசகி கேட்டது

அக்கா, வாணி விழா, தீபாவளி இரவுச் சாப்பாடு, டிசம்பரில ஒபிஸ் ஒளிவிழா எண்டு மூண்டு வருது. மூண்டும் மாரிக்குள்ள. சாறி பாரம், கொய்யகம் அவிழும், கிறவல் றோட்டால போய் இறங்கேக்க கரை முழுக்கச் சிவப்பு. ஒரு லெகங்கா வாங்கினால் மூண்டுக்கும் காணும், உடுக்கிறதும் லேசு எண்டு நினைக்கிறன். ஆரும் மறுத்துச் சொல்லுவினமோ?

செப்டெம்பர் 13, இரவு

மறுத்துத்தான் சொல்லப்போறன், தங்கச்சி. மாரிக்கு லெகங்காவைவிடச் சாறி நல்லது. சாறி எவ்வளவு உயரத்தில நிக்கவேணும் எண்டதை உடுக்கிற நேரம் நீங்களே முடிவெடுக்கலாம். லெகங்காவில அதை ரெயிலர் எப்பவோ முடிவெடுத்திட்டார்.

கல்யாண வேலைப்பாட்டு லெகங்காவின்ர கீழ்ச்சுற்று மூண்டு, நாலு மீற்றர் வரும். மேல்துணி, லைனிங், நடுவில விரிஞ்சு நிக்க வைக்கிற விறைப்பான கான்கான் வலை எண்டு மூண்டு அடுக்கு. சேத்தில தூக்கி நடக்க ஒரு கை காணாது. தூக்கினாலும் வலை கீழ எட்டிப் பாக்கும். அடிக்கரை ஒருக்கா நனைஞ்சால் லைனிங் ஈரத்தை மேல உறிஞ்சும். அரை மணித்தியாலத்தில கணுக்காலுக்கு மேல ஒரு சாண் ஈரம். அதுக்குப் பிறகு விழா மண்டப நிலத்தை நீங்கள்தான் கூட்டித் துடைக்கிறியள். தும்புத்தடிக்கு இவ்வளவு காசு குடுக்க வேண்டாம்.

"மூண்டுக்கும் காணும்" எண்ட கணக்கும் பிழை. லெகங்கா ஒரு படத்தில ஞாபகம் நிண்டுபோகும். சாறிக்கு ரெண்டு பிளவுஸ் இருந்தால் ரெண்டு உடுப்பு.

எடுக்கிற ஒழுங்கு இப்பிடி: முதல் போற வழி, பிறகு துணி, பிறகுதான் வடிவம். கடையில எல்லாரும் மறுபக்கமாத்தான் தொடங்குகினம்.

செப்டெம்பர் 14

துணி பற்றி விபரமாக் கேட்டிருக்கினம்.

காஞ்சிபுரம் பட்டு: உடலும் கரையும் வேற வேற நிறத்தில நெய்து கோர்வையாப் பிணைக்கிறது. இழை தடிப்பு, சரிகை கூட, அதாலதான் பாரம். அந்தப் பாரம் குறை இல்லை, கொய்யகம் விழுந்து நிக்கிறது அதாலதான். வியர்வைக்கும் மழைத்துளிக்கும்தான் பயப்பிட வேணும். பட்டில தண்ணித்துளி காய்ஞ்ச இடம் வட்டமாத் தெரியும், கடும் நிறத்தில இன்னும் கூட. வாகனத்தால இறங்கி நேரா மண்டபத்துக்குள்ள போறதெண்டால் உடுக்கலாம். ஓட்டோவில, பக்கச் சீலை அடிபட அடிபடப் போறதெண்டால் வேண்டாம்.

மைசூர்ப் பட்டு: 1912இல தொடங்கின மைசூர் ஆலையின்ர பேர் பெற்ற சரக்கு. நல்லா முறுக்கின இழையில நெய்த கிரேப். வழுவழுப்பா உடம்போட விழும், மெல்லிய தங்கக் கரை, பாரமில்லை, மடிச்சால் சுருக்கம் அவ்வளவாப் பிடிக்காது. பட்டுத்தான் வேணும் எண்டு நிக்கிறவைக்கு மாரிக்கு என்ர முதல் தெரிவு இதுதான்.

சந்தேரி: மத்தியப் பிரதேசத்துத் துணி, பட்டும் கொட்டனும் கலந்தது. பசை நீக்காத பட்டிழை போடுறதால ஒரு மினுக்கமும் விறைப்பும் இருக்கும். அதாலயே ஒரே மடிப்பில கனகாலம் வைச்சால் மடிப்பில இழை அறும். ஊடாகத் தெரியும், உள்பாவாடை நிறம் அரைக்கால் பிசகினாலும் வெளியில காட்டும். பகல் விழாவுக்கு, முக்கியமா வாணி விழாவுக்கு, இதைவிடப் பொருத்தம் இல்லை.

பனாரசி: வாங்கேக்க முன்பக்கம் பாக்காதேங்கோ, திருப்பிப் பாருங்கோ. கடுவா முறையில ஒவ்வொரு பூவையும் தனித்தனியா நெய்வினம். பின்பக்கம் துப்பரவா, நூல் தொங்காமல் இருக்கும். மற்ற முறையில சரிகை நூல் ஒரு பூவில இருந்து அடுத்த பூவுக்குப் பின்பக்கத்தால ஓடும். பிறகு அதை வெட்டி விடுவினம். வெட்டின நுனி காப்பு, மோதிரம், பிளாஸ்ரிக் கதிரை விளிம்பு எல்லாத்திலயும் கொளுவும். ஒரு நூல் இழுபட்டால் அந்தப் பூ முழுக்கச் சுருங்கும். இழுபட்டதை வெட்டாதேங்கோ. மெல்லிய ஊசியால பின்பக்கத்துக்கு இழுத்து, துணியைக் குறுக்கால மெதுவா நீவி விடுங்கோ.

பொலியெஸ்டர் ஜோர்ஜெட்: இதுக்குப் பதில் சொல்ல மாட்டன்.

செப்டெம்பர் 14, கொஞ்சம் பிந்தி

வெல்வெட் பிளவுஸ் கேட்டவவுக்கு: டிசம்பரிலயும் மாங்குளத்துக்கு டெல்லிக் குளிர் வராது.

செப்டெம்பர் 18

"பட்டெண்டு சொல்லித் தந்தவை, எப்பிடிப் பாக்கிறது?"

மோதிரத்துக்குள்ளால இழுத்துப் பாக்கிற வித்தையை மறந்திடுங்கோ. மெல்லிய பொலியெஸ்டர் சிபோனும் மோதிரத்துக்குள்ளால போகும், தடிச்ச காஞ்சிபுரம் போகாது.

உள்முனையில தொங்கிற நெடுக்கிழை ஒண்டு, குறுக்கிழை ஒண்டு எண்டு தனித்தனியா உருவி எடுங்கோ. ரெண்டையும் சேர்த்து எரிக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை. நெடுக்கில பட்டும் குறுக்கில வேறயும் போட்டு நெய்த துணி அப்ப பிடிபடாது. இடுக்கியில பிடிச்சு நெருப்பில காட்டுங்கோ. பட்டு மயிர் கருகின மணம் குடுக்கும், நெருப்பை எடுத்தால் தானா அணையப் பாக்கும், கரி விரலில பொடியாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடும் மணியாகும். கொட்டனும் ரேயனும் கடதாசி மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். "ஆர்ட் சில்க்" எண்டு விக்கிறது கூடுதலா ரேயன் அல்லது பொலியெஸ்டர்தான். "ஆர்ட்" எண்டவுடன கலை எண்டு நினைக்க வேண்டாம், செயற்கை எண்டதன்ர சுருக்கம்.

சரிகைக்கு: ஒரு இழையை நகத்தால சுரண்டுங்கோ. அசல் சரிகையில வெள்ளித் தகடு சுத்தின சிவப்புப் பட்டுநூல் தெரியும். சாதாரணச் சரிகையில செம்பு நிறம். பளபளப்புத் தாள் மாதிரி உரிஞ்சு வந்தால் பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் சரிகை குற்றமில்லை, கறுக்காது, பாரமும் குறைவு. அசல் விலை குடுத்து வாங்கிறதுதான் குற்றம்.

இந்திய மத்திய பட்டு வாரியத்தின்ர சில்க் மார்க் ஒட்டி 2004இல இருந்து வருது. தனியெண்ணோட இருக்கும். அது பட்டு எண்டதுக்குச் சாட்சி. கையால நெய்ததோ, சரிகை அசலோ எண்டதுக்குச் சாட்சி இல்லை.

செப்டெம்பர் 21

பிளவுஸ். இதில கொஞ்சம் நிண்டு கதைக்க வேணும், ஏனெண்டால் நல்ல சாறி கெடுறது கூடுதலா பிளவுஸாலதான்.

பட்டுச் சாறி ஐஞ்சரை மீற்றர், அதோட ஒட்டி எண்பது சென்ரிமீற்றர் பிளவுஸ் துணி வரும். முழங்கை வரைக்கும் கை வேணும் எண்டாலோ, மார்பளவு நாப்பது இஞ்சிக்கு மேல எண்டாலோ எண்பது சென்ரிமீற்றர் இறுக்கம். கரையை எங்க வைக்கிறது எண்டு வெட்ட முதலே ரெயிலரோட கதையுங்கோ. கைக்குக் கரை வைச்சால் முதுகுக்கு மிஞ்சாது.

லைனிங்குக்குக் கொட்டன் ஒரு மீற்றர். இரவு முழுக்கத் தண்ணியில ஊறவைச்சு, நிழலில காயவிட்டு, அயன் பண்ணித்தான் குடுக்க வேணும். ஊறவைக்காத லைனிங் முதல் கழுவலில சுருங்கும், பட்டு அவ்வளவாச் சுருங்காது. பிறகு முன்பக்கம் அப்பளம் மாதிரிப் பொங்கி நிக்கும். அதைத் திருத்த ஏலாது, லைனிங்கைப் பிரிச்சு மாத்தத்தான் வேணும்.

அளவு குடுக்கேக்க அண்டைக்குப் போடப்போற உள்ளாடையைப் போட்டுக்கொண்டு குடுங்கோ. மார்புக்கு ஒரு இஞ்சி, கைச்சுற்றுக்கு ஒரு இஞ்சி தளர்வு காணும். அதைவிடக் குறைச்சால் பட்டு கிழியாது, தையல் பிடிச்ச இடத்தில இழை விலகி வரிவரியாத் தெரியும், அது கிழியிறதைவிட அசிங்கம். பக்கத் தையலுக்கு உள்ளுக்குள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்சி விட்டுத் தைக்கச் சொல்லுங்கோ. அடுத்த வருசத்துக்கு உதவும். வருசம் போகப்போக நாங்கள் ஆரும் மெலியிறேல்லை.

கழுத்து அகலமா வெட்டினால் பின்பக்கம் கயிறு வைச்சுத்தான் ஆக வேணும், இல்லாட்டித் தோள் வழுகும். முன்பக்கம் கொளுக்கி ஐஞ்சோ ஆறோ போடுங்கோ. மேல் கொளுக்கிக்குப் பக்கத்தில ஒரு அமுக்குப் பொத்தான் வைச்சால் வாய் பிளக்காது.

கடைசி விசயம்: தீபாவளிக்கு முந்தின பத்து நாளில தையல் கடையில தலைகாட்டாதேங்கோ. மூண்டு கிழமைக்கு முதல் குடுத்து, ஒரு கிழமைக்கு முதல் போட்டுப் பாத்து, மிச்ச நாளைத் திருத்தத்துக்கு வைச்சிருங்கோ. அண்டைக்குப் பின்னேரம் வாங்கி அண்டைக்கே போடுற பிளவுஸுக்குச் சேஃப்டி பின்தான் துணை.

செப்டெம்பர் 22

நேற்று எழுதினதுக்கு ஒரு திருத்தம். பிளவுஸ் துணியை வெட்டச் சொன்னன். இடுப்புச்சுற்று நாப்பத்திநாலு இஞ்சிக்கு மேல உள்ளவை வெட்டாதேங்கோ. அந்த எண்பது சென்ரிமீற்றர்தான் உங்களுக்கு மூண்டு கொய்யகம். பிளவுஸுக்கு வேற துணி எடுங்கோ, மாறுபட்ட நிறம் வடிவாத்தான் இருக்கும்.

செப்டெம்பர் 26

ஃபோல், அதுதான் சாறியின்ர கீழ்க்கரைக்கு உள்பக்கம் வைக்கிற துணிப்பட்டி, தைக்கிறது பற்றி ஒட்டுசுட்டானில இருந்து ஒரு ஆள் கேட்டிருக்கிறா. கிறவல் றோட்டுக்காரருக்கு ஃபோல் அலங்காரம் இல்லை, கவசம்.

மூண்டு இஞ்சி அகலம், ரெண்டரை மீற்றர் நீளம், கொட்டன். இதையும் ஊறவையுங்கோ, லைனிங்குக்குச் சொன்ன அதே காரணம். செருகிற முனையில ஒரு சாண் விட்டுத் தொடங்கி, கீழ்க்கரையின்ர உள்பக்கம் விளிம்போட விளிம்பு வைச்சுத் தையுங்கோ. கொய்யகம் முழுக்க அதுக்குள்ள அடங்க வேணும். கீழ் விளிம்பை மெஷினில தைக்கலாம் எண்டு சிலர் சொல்லுவினம்; பட்டுக்கு வேண்டாம், கையால, ஒற்றை நூலால, இழுக்காமல். நூலை இழுத்துத் தைச்சால் கரை அலையடிக்கும். மேல் விளிம்பில ஊசி ரெண்டு இழையை மட்டும் தொட்டு வர வேணும், வெளியில தெரியப்படாது.

மூண்டு நாலு மாரி போனபிறகு ஃபோல் நைஞ்சு போகும். பிரிச்சுப் புதுசு வையுங்கோ. சாறி தப்பும்.

ஒக்டோபர் 2

"வாணி விழாவில எனக்குக் கொய்யகம் அவிழ்ந்திட்டுது" எண்டு எழுதின தங்கச்சிக்கு. நீங்கள் எழுதினதில ஒரு சொல் போதும்: "சட்டின் பாவாடை". வழுக்கிற பாவாடையில வழுக்கிற பட்டைச் செருகினால் வேற என்ன நடக்கும்? பட்டுக்குள்ள கொட்டன் பாவாடை. ஜோர்ஜெட்டுக்குத்தான் சட்டின், அதுவும் நடக்கேக்க காலோட ஒட்டாமல் இருக்க.

மிச்சத்தையும் சொல்லி விடுறன். செருப்பை முதல் போடுங்கோ. உடுத்து முடிச்சுச் செருப்புப் போட்டால் உயரம் பிசகும். பாவாடை நாடா தொப்புள் மட்டத்தில, இறுக்கி, முடிச்சு பக்கவாட்டில. முடிச்சு நடுவில இருந்தால் கொய்யகம் செருகிற இடம் மேடாகும். வலப்பக்கம் செருகி ஒரு சுற்று வாங்கோ. அந்தச் சுற்றில அடிக்கரை சுத்தவர ஒரே மட்டமா நிக்க வேணும். இதில பிழைச்சால் பிறகு எதைச் செய்தாலும் சரிவராது. அடுத்தது தலைப்பு. அதை முதல் தோளில போட்டு, முழங்கால் மட்டம் வரைக்கும் விட்டு, பின் குத்துங்கோ. மிஞ்சிற துணியிலதான் கொய்யகம். நாலு, ஐஞ்சு இஞ்சியில ஐஞ்சில இருந்து ஏழு. வாய் இடப்பக்கம் பாக்க வேணும். எல்லாத்தையும் சேர்த்து, செருகிற இடத்துக்கு ரெண்டு இஞ்சி கீழ உள்பக்கத்தால ஒரு பின், பாவாடையோட சேர்த்தல்ல, கொய்யகத்தை மட்டும். செருகின பிறகு இன்னொரு பின், அது பாவாடையோட.

சரிகையில நேராப் பின் குத்தாதேங்கோ. பின்னில ஒரு சின்ன மணியைக் கோர்த்து அதுக்குப் பிறகு குத்துங்கோ. பின்னின்ர சுருள் இழையை விழுங்காது.

உயரம் ஒரு விரல்கடை நிலத்துக்கு மேல எண்டு புத்தகத்தில எழுதுவினம். மாரியில அது சரிவராது. மூண்டு விரல்.

ஒக்டோபர் 5

ஸ்கூட்டியில போறவை.

பஞ்சாபி ஷோல் சில்லுக்குள்ள போறது பகிடி இல்லை, கழுத்தை இறுக்கும். ஓடுறவரும் சரி, பின்னால இருக்கிறவரும் சரி, ஷோலைக் கழட்டிப் பைக்குள்ள வையுங்கோ. முடிஞ்சு கட்டினாலும் அவிழும்.

சாறியோட ஓடிப்போய்ச் சேர்ந்தாலும் கொய்யகம் கசங்கித்தான் இறங்கும். மழைக்கோட்டுக் காற்சட்டை சாறிக்கு மேல ஏறாது. ஆகச் சரியான வழி: பஞ்சாபியோட போங்கோ, சாறியை அடிச்சு எடுத்துப் போங்கோ. அடிக்கிறதெண்டால், கொய்யகத்தையும் தலைப்பு மடிப்பையும் முதல்நாளே மடிச்சு, உடுப்புக் கிளிப்பால பிடிச்சு, மேல கொட்டன் துணி போட்டுச் சூடு குறைச்சு அயன் பண்ணி, பின் குத்திப் பெட்டி மாதிரி மடிக்கிறது. அங்க போய்ப் பதினைஞ்சு நிமிசத்தில உடுக்கலாம். முதல்நாள் உங்கட இடுப்பிலயே ஒருக்கா அளந்து மடியுங்கோ. மற்ற ஆளின்ர இடுப்புக்கு அடிச்ச சாறி உங்களுக்கு வராது.

ஒக்டோபர் 8

பஞ்சாபி பற்றி ஒண்டும் எழுதேல்லை எண்டு குறை. சரி.

மாரிக்கு நேர்வெட்டு டொப்பும் ஒடுங்கின காற்சட்டையும். கணுக்காலுக்கு மேல நிக்கும், மோட்டச்சைக்கிளில ஏறலாம், சந்தேரித் துணியில தைச்சால் சாறிக்குப் பக்கத்தில நிண்டாலும் குறையாத் தெரியாது. அனார்கலி எண்டால் கலி எண்ணிக்கையைக் கேளுங்கோ. கலி எண்டது மேல ஒடுங்கிக் கீழ விரியிற துண்டு. கலி கூடினால் விரிவு கூடும், துணி கூடும், பாரமும் கூடும். தரை தொடுற அனார்கலிக்கு லெகங்காவுக்குச் சொன்ன எல்லாமே பொருந்தும். முழங்காலுக்குக் கீழ ஒரு சாணில நிறுத்துங்கோ.

ஷராரா எண்டது முழங்காலில தையல் போட்டு அதுக்குக் கீழ விரியிறது. குள்ளமான ஆக்களுக்கு அந்தத் தையல் காலை ரெண்டாப் பிரிச்சுக் காட்டும்.

ஒக்டோபர் 9

நேற்று நான் எழுதினது பிழை. முழங்காலில தையல் போட்டு, சுருக்கு வைச்சு, அதுக்குக் கீழ விரியிறது கராரா. லக்னோ பக்கத்து வடிவம். ஷராரா தையல் இல்லாமல் மேல இருந்தே விரிஞ்சு பாவாடை மாதிரி விழும். பரந்தனில இருந்து திருத்தின தம்பிக்கு நன்றி. ஆம்பிளைப் பிள்ளை வந்து கராராவும் ஷராராவும் படிப்பிக்கிற காலம், நல்லதுதான். குள்ளமான ஆக்களுக்குச் சொன்னது கராராவுக்கு எண்டு மாத்தி வாசியுங்கோ.

ஒக்டோபர் 15

பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு லெகங்காவா, ஹாஃப் சாறியா?

ஹாஃப் சாறி. பாவாடைக்கு மூண்டு, மூண்டரை மீற்றர், தாவணிக்கு ரெண்டேமுக்கால், சட்டைக்கு எண்பது சென்ரிமீற்றர். பாவாடைக்குள்ள, கரைக்கு மேல, ரெண்டு இஞ்சி மடிப்பு ஒண்டு வைச்சுத் தைச்சுவிடுங்கோ. பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரிக்கலாம், நாலு இஞ்சி கிடைக்கும். மடிப்பின்ர தையல் அடையாளம் பட்டில நிக்கும் எண்டதால மடிப்பு விளிம்பில ஒரு மெல்லிய சரிகை நாடா ஓடவிட்டால், பிரிச்ச பிறகும் அது அலங்காரமாக் கிடக்கும்.

தாவணிக்குப் பொலியெஸ்டர் ஜோர்ஜெட் தான் கடையில கூட. அதைப் பற்றி அடுத்த குறிப்பில.

ஒக்டோபர் 16

செப்டெம்பர் 14இல "பதில் சொல்ல மாட்டன்" எண்டு எழுதினன். அது முறையில்லை.

பொலியெஸ்டர் ஜோர்ஜெட் தண்ணியை உறிஞ்சாது. மழை பட்டால் உதறிவிட்டுப் பத்து நிமிசத்தில காயும். சேறு சவர்க்காரத்தில போகும். அயன் வேண்டாம். விலை குறைவு. பஸ்ஸில போய்ப் பஸ்ஸில வாறவைக்கு, ஒளிவிழா மாதிரிப் பின்னேர விழாவுக்கு, உண்மையில நல்ல தெரிவு. மறுபக்கம், வியர்வையையும் உறிஞ்சாது; காத்தில்லாத மண்டபத்தில முதுகோட ஒட்டும். கொட்டன் லைனிங் போட்ட பிளவுஸ் அதுக்குக் கொஞ்சம் உதவும்.

ஆனா ஒரு நிபந்தனை. தீபாவளி இரவு மத்தாப்பு, பூந்திரி, குத்துவிளக்கு இருக்கிற முற்றத்தில வேண்டவே வேண்டாம். பட்டு கருகி அணையப் பாக்கும். பொலியெஸ்டர் உருகித் தோலோட ஒட்டும், இழுத்தால் தோலும் வரும். கொட்டன் உருகாது, ஆனா கெதியா எரியும். எதை உடுத்தாலும் தலைப்பை எடுத்து இடுப்பில செருகுங்கோ. தாவணி போட்ட பிள்ளைக்கும் அப்பிடியே. மாரிக்கு முதல் தெரிவு மைசூர்ப் பட்டு எண்டு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம், அப்ப எழுத மறந்திட்டன்.

ஒக்டோபர் 19

நிறம் பற்றிச் சின்னனா.

கடை வெளிச்சத்தில எடுத்த சாறியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கோ. வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில மரூனும் கபிலமும் செத்துப்போகும். மயில்கழுத்து நிறமும் கடும் மஞ்சளும் இரவுக்கு நிக்கும். கேரளக் கசவு, பொன்கரை போட்ட வெண்பழுப்பு, இந்தியாவில ஓணத்துக்கு உடுக்கிறது. இங்க வெள்ளைச் சாறி செத்தவீட்டை ஞாபகப்படுத்தும், தீபாவளிக்கு ஒரு பெரியம்மா கட்டாயம் ஏதாவது சொல்லுவா. சிவப்பு பிளவுஸ் போட்டால் வாயை மூடலாம். பெரியம்மாவின்ர வாயைத்தான்.

நவம்பர் 2

கறை. எதிர்பாத்த மாதிரியே எல்லாரும் ஒண்டா வந்திருக்கிறியள்.

சேறு: ஈரத்தில கை வைக்காதேங்கோ. தேய்ச்சால் இழைக்குள்ள போகும். நிழலில காயவிட்டு, மெதுவான பல்தூரிகையால உதிருங்கோ, முக்கால்வாசி போயிடும். கிறவலின்ர சிவப்பு இரும்புக் கறை. அதுக்குக் குளோரின் வெளுப்பு போட்டால் கறை போகாது, பட்டுத்தான் கரையும்.

விளக்கெண்ணெய், நெய்: உடன பவுடர் அல்லது அரிசிமா தூவி இரவு முழுக்க விட்டுத் தட்டுங்கோ. ரெண்டாந்தரமும் செய்யலாம்.

மெழுகுதிரி மெழுகு: கடினமாக விட்டு, கரண்டியின்ர மழுங்கின விளிம்பால கிளப்பி, மிஞ்சினதுக்கு மேலயும் கீழயும் வெள்ளைக் கடதாசி வைச்சு மெல்லிய சூட்டில அயன். பொலியெஸ்டர் எண்டால் சூட்டை இன்னும் குறையுங்கோ. அச்சடிச்ச பேப்பர் வேண்டாம், மை இறங்கும்.

கழுவிறதெண்டால்: கேத்திலில வெள்ளை படியிற கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் போட்டுப் பட்டுக் கழுவாதேங்கோ. தண்ணியில இருக்கிற சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்து சாம்பல் நிறப் படையாகி இழையில ஒட்டும். பட்டு மங்கிப்போச்சு எண்டு சொல்றது பாதி அதாலதான். மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ, இப்ப அதுக்குக் குறைவில்லை. கடைசி அலசலுக்கு ஐஞ்சு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி.

நவம்பர் 3

வினாகிரி விசயத்தில அவசரப்பட்டிட்டன். சரிகை இல்லாத பட்டுக்கு மட்டும். செம்புச் சரிகையில புளிப்புப் பட்டால் கறுக்கும். சரிகைக் கரை உள்ளதை வீட்டில கழுவாமல் டிரை கிளீனிங்குக்குக் குடுங்கோ, வவுனியாவுக்குப் போறவை ஆரும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கோ.

நவம்பர் 17

ஈரக்காலத்தில அலுமாரி. பிளாஸ்ரிக் பையில சாறி வைக்கிறவை இப்பவே எழும்பிப்போய் எடுங்கோ. உள்ளுக்குள்ள ஈரம் அடைபட்டு சரிகை கறுக்கும், பூஞ்சணம் புள்ளிபுள்ளியா வரும். பழைய கொட்டன் வேட்டியைக் கழுவி, கஞ்சி போடாமல், அதுக்குள்ள சுத்துங்கோ. கஞ்சி போட்டால் பூச்சி வரும். பூச்சி உருண்டை துணியில முட்டப்படாது. சென்ற் அடிக்கிறதெண்டால் சாறி உடுக்க முதல், தோலில. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வேற மடிப்பில மடியுங்கோ. வெயில் வாற நாளில நிழலில ஒரு மணித்தியாலம் விரியுங்கோ, நேர் வெயில் வேண்டாம்.

டிசம்பர் 6. முள்ளியவளை வாசகி

அக்கா, உண்மையைச் சொல்லுறன். லெகங்கா வாங்கியாச்சு. கனடாவில இருந்து சித்தி அனுப்பினது. ஒளிவிழா 12ஆம் திகதி.

டிசம்பர் 6, இரவு

சித்தி அனுப்பினதை உடுக்காமல் விட ஏலாது. செய்யவேண்டியதைச் சொல்லுறன்.

கான்கான் வலையைப் பிரிச்சு எடுங்கோ, கூடுதலா இடுப்புப்பட்டியில அல்லது லைனிங்கில மட்டும்தான் பிடிச்சிருக்கும். உடன நாலு இஞ்சி விரிவும் முக்கால்வாசி விறைப்பும் குறையும். உயரத்தைக் கீழ வெட்டாதேங்கோ, வேலைப்பாடு போயிடும். இடுப்புப் பட்டியைக் கழட்டி, மேல இருந்து குறைச்சு, கணுக்கால் மட்டத்துக்குக் கொண்டுவாங்கோ. மேல விட்ட துணியை வெட்டாமல் உள்ளுக்கு மடிச்சுத் தைச்சால் நல்லது, ஆனா தடிப்புத் துணியெண்டால் இடுப்பு பொங்கும். அதுக்கு ஒரு இஞ்சி விட்டு மிச்சத்தை வெட்டத்தான் வேணும். அடிக்கரைக்கு உள்பக்கம் சாறி ஃபோலே வையுங்கோ, ரெண்டு ஃபோல் தேவைப்படும். நாடாவோட ஒரு கொளுக்கியும் பக்க ஸிப்பும் இருக்கட்டும். பாரமான பாவாடை நாடாவில மட்டும் நிண்டால் ரெண்டு மணித்தியாலத்தில இடுப்பு சிவக்கும்.

ஷோலை ஒரு தோளில மடிச்சுப் பின் குத்தி, மற்ற நுனியை இடுப்பில. ஒளிவிழாவில மெழுகுதிரி இருக்கும்.

டிசம்பர் 13

கான்கான் வலையை எறிஞ்சிடாதேங்கோ எண்டு எழுத மறந்திட்டன். எறியாமல் இருந்தால் தங்கச்சிமாருக்குக் கொசுவலைக்கு ஒட்டுப்போட உதவும்.

டிசம்பர் 13. முள்ளியவளை வாசகி

எறிஞ்சாச்சு. லெகங்கா நனையேல்லை, பிளவுஸ் கைதான் இறுக்கம். தைப்பொங்கலுக்கு என்ன உடுக்கிறது?

டிசம்பர் 14

கைக்குள்ள எத்தினை இஞ்சி விட்டுத் தைச்சிருக்கு எண்டு பிரிச்சுப் பாத்து எழுதுங்கோ. பொங்கலுக்கு, பானைக்குப் பக்கத்தில நிக்கிறதெண்டால் கொட்டன் சாறி, தலைப்பைச் செருகி. பின்னேரம் கோயிலுக்கு மைசூர்ப் பட்டு, அதுக்குப் பிளவுஸ் தைக்கக் குடுக்கிறதெண்டால் நாளைக்கே.